இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்

பெங்குவின் பாத்திருக்கீங்களா சார்? நேர்ல இல்ல, நேர்ல யாரு பாத்தா. படத்துல. கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு, வெள்ளை வயித்தைக் காட்டி, மஞ்சக் காலை நீட்டி உக்காந்திருக்குமே ஒண்ணு, கம்ப்யூட்டர்ல. பாத்ததில்லையா? நல்லது. நான் பாத்தேன். அதனாலதான் இன்னைக்கு ஜன்னலோரம்கூட கிடைக்காம, பெரம்பலூர்லேருந்து மெட்ராஸ் வரைக்கும் உங்க பக்கத்துல இடிச்சுக்கிட்டு வர்றேன்.

தூக்கம் வந்தா சொல்லிடுங்க. சொன்னா நிறுத்துவேன்னு இல்ல, ஒரு மரியாதைக்குச் சொல்றேன்.

என் பேரு பூவராகன். ஒரு அரசு அலுவலகத்துல கண்காணிப்பாளர். எந்தத் துறைன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். அலுவலக விஷயத்தை வெளியாள்கிட்ட பேசக்கூடாது. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு வார்த்தை வெளிய பேசுனதில்ல நான். நடந்ததை மட்டும் சொல்றேன்.

கண்காணிப்பாளரா இருக்கீங்களா, இருந்தீங்களான்னு கேக்குறீங்க பாருங்க, அதுதான் சார் கேள்வி. அதைக் கேக்கத்தான் மெட்ராஸ் போறேன். எங்க இயக்குநரகம் சொல்லணும். நான் வேலையில இருக்கேனா, ஓய்வு பெற்றுட்டேனான்னு எட்டு மாசமா எனக்கே தெரியாது. சிரிக்காதீங்க சார்.

என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். எதா இருந்தாலும் எழுத்துல குடு, இதுதான் நம்ம கொள்கை. எங்கிட்ட வேலை பாத்தவங்க எல்லாருக்கும் தெரியும். ராஜலட்சுமின்னு ஒரு டைப்பிஸ்ட். நல்ல பொம்பளைதான். ஒருநாள் வருகைப் பதிவேட்டுல பச்சை மையில கையெழுத்துப் போட்டுடுச்சு. பச்சை மை அதிகாரிங்களுக்கு உள்ளது, இல்லையா? கேட்டா, பையன் பேனாவை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன் சார்னுது. சரிம்மா, அதையே எழுத்துல குடுன்னு ஒரு மெமோ குடுத்தேன். அழுதுச்சு. தண்ணி குடுத்தேன். ஆனா மெமோவைத் திரும்ப வாங்கலை. அதனால அதுக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஒண்ணரை வருஷம் தள்ளிப்போச்சு, அது வேற. எனக்கு மனசுல எதுவும் கிடையாது. நேத்துகூட அது எங்கிட்ட நல்லாத்தான் பேசுச்சு. "கவலைப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்"னு சொல்லிச்சு. குத்திக் காட்டுதோ என்னவோ.

போன வருஷம் ஆடி மாசம் மெட்ராஸ்லேருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. இனிமே எந்த ஆபீஸ்லயும் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். வைரஸ் வராதாம், காசும் கிடையாதாம். விலையில்லா மிக்ஸி, விலையில்லா வெள்ளாடு மாதிரி இது விலையில்லா சிஸ்டம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தச் சுற்றறிக்கையில நாலாவது பத்தி. மனப்பாடமாச் சொல்றேன் கேளுங்க: "ஒவ்வொரு அலுவலகத்திலும் கண்காணிப்பாளரே கணினி நிர்வாகியாகச் செயல்படுவார்." கணினி நிர்வாகி. கேக்கவே நல்லா இருந்துச்சு சார். மேசையில பேர்ப்பலகை ஒண்ணு எழுதி வைக்கலாமான்னுகூட யோசிச்சேன்.

எங்க ஆபீஸ்ல ஷர்மிளா பானுன்னு ஒரு பொண்ணு, உதவி புரோகிராமர். லப்பைக்குடிகாட்டுப் பொண்ணு. கெட்டிக்காரி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எதைச் சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே சொல்லும். சிரிச்சுக்கிட்டே சொல்ற விஷயத்தை எப்படி நம்புறது? அந்தப் பொண்ணுதான் ஒரு சனிக்கிழமை வந்து எல்லா மெஷின்லயும் லினக்ஸைப் போட்டுச்சு. திங்கக்கிழமை காலையில நான் வந்து சுவிட்சைப் போடறேன், பெங்குவின் உக்காந்திருக்கு.

ஸ்டார்ட் பட்டனைக் காணோம். போகட்டும்னு விட்டேன். சி டிரைவையும் காணோம். "ஏம்மா, சி டிரைவ் எங்க?"ன்னேன்.

"அதெல்லாம் இதுல இல்ல சார்."

"டி?"

"டியும் இல்ல சார்."

"அப்ப என் ஃபைலு எல்லாம் எங்கம்மா?"

"ஹோம்ல பத்திரமா இருக்கு சார்"னு சிரிக்குது.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? அரசாங்கக் கோப்பை வீட்டுக்குக் கொண்டு போறது எவ்வளவு பெரிய குத்தம்! யாரைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்னு சத்தம் போட்டுட்டேன். ஆபீஸே எழுந்து நின்னுடுச்சு. அப்புறம்தான் அது விளக்குது, ஹோம்னா வீடு இல்லியாம், என் பேர்ல ஒரு பெட்டியாம், மெஷினுக்குள்ளயே இருக்காம். திறந்து காட்டுச்சு. பூவராகன்னு இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல போட்டு ஒரு பெட்டி. பேருக்கு முதல் எழுத்துக்கூட பெருசு கிடையாது. அதையும் சொன்னேன். "இதுல எல்லாரும் சின்ன எழுத்துதான் சார்"னுது. நிர்வாகிக்குமா?

ஆனா ஒரு வாரத்துல பழகிட்டேன் சார். கத்துக்கத் தெரியாத ஆள் இல்ல நான். கடிதம் அடிச்சேன், அட்டவணை போட்டேன். சீட்டு விளையாட்டு அதுலயும் இருந்துச்சு. விளையாடலை. இருக்கான்னு பாத்தேன், அவ்வளவுதான்.

தொழுதூர் தாண்டிட்டமா? ம். இனிமேதான் விஷயம்.

நவம்பர் மாசம், ஒரு வியாழக்கிழமை. எனக்கு ஜனவரி முப்பத்தொண்ணு ஓய்வு. அதுக்கான முன்மொழிவை மூணு நகல் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பணும். அன்னைக்குன்னு ஷர்மிளா தற்செயல் விடுப்பு, குழந்தைக்குக் காய்ச்சல். பிரிண்ட் குடுக்குறேன், பிரிண்டரைக் காணோம்னுது மெஷின். கண்ணு முன்னாடி இருக்கு பிரிண்டர், கையால தொட்டுப் பாக்குறேன், காணோம்னுது. சரி, நாமதானே நிர்வாகி, நாமே பாத்துக்குவோம்னு சுற்றறிக்கையோட வந்த கையேட்டை எடுத்தேன். பதினாலாம் பக்கம். பிரிண்டர் தெரியலேன்னா கறுப்புத் திரையைத் திறந்து கீழே உள்ள வரியை அடிக்கவும்.

திறந்தேன். ஒரே கறுப்பு. வெள்ளை எழுத்துல என் பேரு, அதுக்குப் பக்கத்துல ஒரு டாலர் அடையாளம். விலையில்லாததுன்னுதானே சொன்னாங்க, டாலர் எதுக்கு? அப்பவே சுதாரிச்சிருக்கணும். கையேட்டைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். எஸ், யூ, டி, ஓ, அப்புறம் என்னென்னவோ. பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒண்ணுமே விழ மாட்டேங்குது. விண்டோஸ்ல புள்ளியாவது விழும். இது ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிக்குது. கீபோர்டு செத்துப்போச்சுன்னு பிச்சைப்பிள்ளையைக் கூப்பிட்டேன். எங்க அலுவலக உதவியாளர். அவன் தட்டிப் பாத்தான், கவுத்துப் போட்டு உதறினான், அதிலேருந்து முறுக்குத் தூள் விழுந்துச்சு. திரும்பவும் அடிச்சு என்டரைத் தட்டுனேன்.

வந்துச்சு சார் பதில். எழுத்து எழுத்தா எழுதி வச்சிருக்கேன், சட்டைப் பையிலயே இருக்கு. "பூவராகன் இஸ் நாட் இன் த சூடோயர்ஸ் ஃபைல். திஸ் இன்சிடென்ட் வில் பி ரிப்போர்ட்டட்."

சூடோயர்ஸ்னா என்ன? ஆபீஸ் அகராதியில அந்த வார்த்தை இல்ல. சத்தத்துக்குக் கிட்டத்துல இருந்தது சூடோ. போலின்னு அர்த்தம். அப்படின்னா சூடோயர்ஸ்னா போலி ஆசாமிங்க. நான் போலிகள் பட்டியல்ல இல்ல. சரி, அது உண்மைதானே? சந்தோஷம். ஆனா போலி இல்லாதவனைப் பத்தி எதுக்கு ரிப்போர்ட் பண்ணணும்? இந்தப் பிச்சைப்பிள்ளை தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு, "சூடு சொரணை உள்ளவங்க லிஸ்ட்ல நீங்க இல்லைங்குது போல சார்"னான். அவனுக்கு ஒரு மெமோ குடுத்தேன்.

ஆனா ரெண்டாவது வரியை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்ங்கிறதைப் படிச்சதும் உக்காந்திருந்தவன் எழுந்து நின்னுட்டேன் சார். ரிப்போர்ட் பண்ணலாம்னு சொல்லலை. பண்ணப்படும். யாரு பண்ணுவா? சொல்லலை. யார்கிட்ட? சொல்லலை. எப்ப? அதையும் சொல்லலை. அரசாங்கக் கடிதம் எழுதத் தெரிஞ்ச எவனோ எழுதுன வாசகம் அது. நானே முப்பது வருஷமா அப்படித்தானே எழுதியிருக்கேன்? "தக்க மேல்நடவடிக்கை எடுக்கப்படும்." என்ன நடவடிக்கை, யாரு எடுப்பா, எழுதுன எனக்கே தெரியாது. ஆனா படிச்சவன் ஒருத்தனுக்கும் அன்னைக்குச் சோறு இறங்கியிருக்காது. அதுக்குத்தானே எழுதுறது.

மறுநாள் ஷர்மிளா வந்துச்சு. சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சுது. "சார், சூடோயர்ஸ்னா நிர்வாகி அனுமதி உள்ளவங்க பட்டியல். அந்த ரிப்போர்ட் எங்கயும் போகாது சார். இந்த மெஷின்லயே ஒரு மூலையில ஒரு வரி எழுதி வச்சுக்கும். அவ்வளவுதான். நிர்வாகி வேணும்னா திறந்து பாத்துக்கலாம்."

"நிர்வாகி யாரும்மா?"

"மெஷின்ல என் பேர்ல போட்டிருக்கேன் சார், நீங்க எதையாவது அழிச்சிடக் கூடாதேன்னு. ஆனா காகிதத்துல நீங்கதான் சார்."

"அப்ப சம்பவம் நிர்வாகியோட கவனத்துக்கு வந்தாச்சு."

"எப்படி சார்?"

"நான்தானே நிர்வாகி? எனக்குத் தெரியுமே, நான்தானே செஞ்சேன்?"

அது சிரிப்பை நிறுத்திட்டு என்னைப் பாத்துச்சு. நான் விளக்குனேன். ஒரு சம்பவம் நடந்தது கீழ உள்ளவனுக்குத் தெரிஞ்சும் மேல உள்ளவங்களுக்குச் சொல்லாம விட்டா, அது ரெண்டாவது குத்தம். மறைச்ச குத்தம். ரிப்போர்ட் முந்திக்கிட்டுப் போயிடுச்சுன்னா நான் மாட்டிக்குவேன். நம்ம விளக்கம் முந்திக்கிட்டுப் போகணும். அதுதான் முறை. "சார், ஒண்ணும் நடக்கலையே சார், எதுக்கு சார் விளக்கம்"னு அந்தப் பொண்ணு கெஞ்சுது. ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றது யாரு? விடுப்புல இருந்த ஆளு! எனக்கு என்ன தோணுச்சுன்னா, இந்த ஆளு மேல ரிப்போர்ட் போகட்டும், இவர் சும்மா உக்காந்திருக்கட்டும்னு நினைக்குதோ என்னவோ. யார் மனசுல என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்.

மூணு பக்கம் எழுதுனேன் சார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறையா. பார்வையில என்ன போடறதுன்னுதான் கொஞ்சம் யோசனை. அவங்க கடிதம் எதுவும் வரலையே. "பார்வை: கணினித் திரையில் தோன்றிய வாசகம், நாள் பதினாறு பதினொண்ணு"ன்னு போட்டேன். அன்னைய தேதியில நான் நிர்வாகிங்கிற முறையில அந்த வரியை அடிச்சது உண்மை, பட்டியல்ல என் பேரு இல்லாதது எனக்குத் தெரியாது, இனி இத்தகைய தவறு நிகழாது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட. அட்டை திரும்பி வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

மெட்ராஸ்ல என்ன ஆச்சுன்னா, கடிதத்தைப் பாத்தவங்களுக்கு ஒண்ணும் புரியலை. விளக்கம் வந்திருக்கு, எதுக்கு விளக்கம்னு தெரியலை. பதில் இருக்கு, கேள்வியைக் காணோம். பிரிவுப் பிரிவாத் தேடியிருக்காங்க. சம்பவம் பத்தின ரிப்போர்ட் எங்கயும் இல்ல. அப்ப யாரோ அமுக்கிட்டாங்கன்னு ஆயிடுச்சு. மூணு பக்கத்துக்கு ஒருத்தர் மன்னிப்புக் கேட்டு எழுதுறார்னா சின்ன விஷயமா இருக்குமா? நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். அதனால கோப்பு ஆரம்பிச்சாங்க. என் பதிலுக்குப் பொருத்தமா ஒரு கேள்வி தயார் பண்ணி எனக்கு அனுப்புனாங்க. "தாங்கள் அனுமதியின்றிக் கணினிப் பட்டியலில் நுழைய முயன்றது ஏன்?" நல்லா எழுதியிருந்தாங்க சார், குறை சொல்லக் கூடாது. உடனே விளக்கம் குடுத்தேன், அஞ்சு பக்கம்.

ஜனவரி முப்பத்தொண்ணு. ஆபீஸ்ல விழா. ஷாமியானா இல்ல, ஆனா பேனர் போட்டிருந்தாங்க, என் படம் போட்டு. மத்தியானத்துக்குப் பிரியாணி, சைவத்துக்கு வெஜிடபிள் பிரியாணி. என் சம்சாரம் செண்பகவல்லி பட்டுப்புடவையில வந்து முன்வரிசையில உக்காந்திருக்கா. சம்பங்கி மாலை வந்து மேசையில இருக்கு. ராஜலட்சுமி வாழ்த்துப்பா படிக்கத் தயாரா நிக்குது. பன்னெண்டரை மணிக்கு மெட்ராஸ்லேருந்து மின்னஞ்சல். "கோப்பு நிலுவையில் உள்ளதால் மறு உத்தரவு வரும்வரை மேற்படியார் பணி ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை."

யாருக்கும் என்ன செய்யறதுன்னு தெரியலை. மாலையைப் போடறதா வேண்டாமா? எங்க ஆபீஸ் அதிகாரியே தயங்குறார், போட்டுடலாம் பூவராகன், அது பாட்டுக்கு அதுங்கிறார். நான்தான் தடுத்தேன். விதிப்படி நான் ஓய்வு பெறலை சார், மாலை போட்டா தப்பாயிடும்னு சொன்னேன். எல்லாரும் போயி பிரியாணியைச் சாப்பிட்டாங்க. மாலையை வல்லி கையில பிடிச்சுக்கிட்டே வந்தா, ஆட்டோவுல. அன்னைக்கு நான் அழுதேன் சார். வெளிய சொன்னதில்ல, உங்ககிட்டச் சொல்றேன். முப்பத்துநாலு வருஷம், ஒரு நாள் பதினோரு மணிக்கு மேல போனதில்ல, ஒரு காகிதம் தொலைச்சதில்ல, என் பேரு பட்டியல்ல இல்லையாம்.

அன்னையிலேருந்து தினம் ஆபீஸ் போறேன். என் நாற்காலியில வேற ஒருத்தர் வந்தாச்சு. நான் தண்ணி கேனுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கேன். வருகைப் பதிவேட்டுல என் பேருக்கு நேரா கோடு. கோடு போட்டிருக்கான்னு தினம் பாத்துட்டு வந்து உக்காருவேன்.

ஜூன் மாசம் எங்க பொண்ணுக்குப் பிரசவம், ஓசூர்ல. பொம்பளைப் பிள்ளை. வல்லி மே மாசமே போயிட்டா. ஜனவரி முப்பத்தொண்ணு ஓய்வு, பிப்ரவரி ரெண்டாம் தேதி ரெண்டு பேருமா ஓசூர் போயி, பிரசவம் வரைக்கும் கூடவே இருக்கிறதுன்னுதான் திட்டம். நான் எப்படிப் போறது சொல்லுங்க? விடுப்பு எடுக்கணும்னா பணியில இருக்கணும். பணியில இல்லேன்னா விடுப்பே தேவையில்ல. நான் ரெண்டுலயும் இல்ல. யாரு எனக்கு விடுப்பு அனுமதிப்பா? "ஒரு நாள் வந்துட்டுப் போங்க, யாரு கேக்கப்போறா"ன்னா வல்லி. யாரும் கேக்க மாட்டாங்கன்னா போயிடறதா? குழந்தைக்கு மூணு மாசம் முடிஞ்சுது. போன்ல பாத்தேன். என் மூக்குங்கிறாங்க. போன்ல மூக்கெல்லாம் எங்க தெரியுது.

போன மாசம் மெட்ராஸ்லேருந்து கடைசியா ஒரு கடிதம் வந்துச்சு. கோப்பை முடிச்சுடலாம், ஒரே ஒரு குறைதான், சம்பந்தப்பட்ட கணினி நிர்வாகியோட அறிக்கை இல்ல. அதை அனுப்புனா முடிஞ்சுது. ஷர்மிளா ஓடி வந்து எங்கிட்ட நீட்டுது. "சார், நீங்க இன்னும் பொறுப்பை ஒப்படைக்கலை, அதனால நீங்கதான் நிர்வாகி. சம்பவம் எதுவும் நடக்கலைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இன்னைக்கே அனுப்பிடறேன்."

அது எப்படி சார் முடியும்? குற்றம் சாட்டப்பட்டவன் நான். என்னைப் பத்தி நானே அறிக்கை குடுக்கலாமா? எந்த விதியில இருக்கு? நான் நிர்வாகிப் பொறுப்பை வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சா அவங்க குடுக்கலாம். ஒப்படைக்க உத்தரவு வேணும். உத்தரவு மெட்ராஸ்ல குடுக்கணும். அதுக்குத்தான் நேர்ல போறேன். "ஒரு வரி சார், ஒரே ஒரு வரி"ன்னு அது திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. கண்ணுல தண்ணி வேற. எனக்காக அது எதுக்கு அழணும்? அதான் எனக்கு இன்னும் பிடிபடலை.

ஒரு நிமிஷம் சார், போன் அடிக்குது. நூறாயுசு, அந்தப் பொண்ணுதான்.

சொல்லும்மா. பஸ்லதான். ம்... எப்ப?... யாரு?... திரும்பப் படி. தேதியைப் படி... ம்... சரி. ம்... அதை நீ எப்படிம்மா எழுதலாம்? யாரு உன்னை... சரி, வச்சுடு. வச்சுடும்மா, பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.

உத்தரவு வந்துடுச்சாம் சார். இப்பதான், பத்து மணிக்கு. கோப்பு முடிஞ்சுது. ஜனவரி முப்பத்தொண்ணாம் தேதியிலேருந்தே நான் ஓய்வு பெற்றதாக் கருதப்படும். மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது.

எதுக்கு சார் கை குடுக்குறீங்க? இருங்க, முழுசாக் கேளுங்க. எப்படி முடிஞ்சுதுன்னு கேளுங்க. புதுக் கண்காணிப்பாளர் போன வாரமே நிர்வாகிப் பொறுப்பை ஷர்மிளாவுக்குக் குடுத்துட்டாராம், எனக்குத் தெரியாம. அது உடனே அறிக்கை அனுப்பிடுச்சு. என்ன அறிக்கை? "சம்பந்தப்பட்ட கணினியை ஆய்வு செய்ததில், மேற்படி நாளில் சம்பவம் எதுவும் நிகழவில்லை." எதுவும் நிகழலையாம்! அப்ப நான் எழுதுன மூணு பக்கம்? அப்புறம் அஞ்சு பக்கம்? நான் பொய் எழுதுனேனா? முப்பத்துநாலு வருஷத்துல நான் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்துல ஒரு பொய் கிடையாது சார். இப்ப நிரந்தரமாக் கோப்புல இருக்கும், பூவராகன் நடக்காத சம்பவத்துக்கு விளக்கம் குடுத்தான்னு. நாளைக்கு அந்தக் கோப்பை எடுத்துப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?

கண்டக்டர் என்ன சொல்றார்? உளுந்தூர்பேட்டையா? சேலம் போறவங்க இங்க இறங்கி மாறிக்கணுமா? ஆமாமா, இங்கேருந்து சேலம், சேலத்துலேருந்து ஓசூர், தெரியும். சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்.

என்ன சார், என் பையை எடுத்துக் குடுக்குறீங்க? மேலயே வைங்க. வைங்க சார். எனக்கு மெட்ராஸ் வரைக்கும் டிக்கெட். கண்டக்டர், யாரும் இறங்கலை, நீங்க விசில் குடுங்க. குழந்தை எங்க போயிடப்போகுது, அது ஓசூர்லதான் இருக்கும். இந்த உத்தரவு ஆறு மணிக்குள்ள பதிவேட்டுல ஏறிடும். அதுக்குள்ள நேர்ல போயி ஆட்சேபணை குடுக்கணும்.

பேனா இருக்கா உங்ககிட்ட? பச்சையா? வேண்டாம், நீலம் குடுங்க. பஸ் ஆடுது, எனக்கு எழுத்து கோணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. இந்தக் காகிதத்துலயே. அனுப்புநர், பெறுநர் பிறகு போட்டுக்கலாம். எழுதிக்கிட்டீங்களா? "ஐயா. கணினி நிர்வாகியின் அறிக்கை உண்மைக்கு மாறானது. மேற்படி சம்பவம் நடந்தது உண்மை. செய்தவன் நானே."

‘நானே’ங்கிறதுக்கு அடியில ஒரு கோடு போடுங்க சார்.